இடது பக்கத்து முன் சக்கரம்

பள்ளிக்கூட மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடு என்று நம் பழைய கிளாஸ் லீடர் மூன்று முறை போன் செய்துவிட்டாள். அவளுக்கு இன்னும் அதே குரல். கரும்பலகையில் பேசியவர்கள் பெயரை எழுதிவிட்டுத் திரும்பிப் பார்ப்பாளே, அந்தக் குரல். நீங்கள் எல்லாரும் ஹெட்மிஸ்ட்ரஸின் பிரம்பைப் பற்றியும் மைதானத்துக் கொடுக்காப்புளி மரத்தைப் பற்றியும் எழுதியிருப்பீர்கள். நான் ஒரு பிக்கப் வண்டிக்குப் பெரிய சக்கரம் மாட்டியதைப் பற்றி எழுதப் போகிறேன். பள்ளிக்கூட மலரில் இது எதற்கு என்று லீடர் கேட்பாள். இதில் நம் வகுப்பில் இருந்த ஒருத்தி வருகிறாள், அதற்குத்தான்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உங்களுக்குத் தெரியும். பரீட்சைக்கு இரண்டு பேனா கொண்டுவருவேன். இரண்டும் மக்கர் செய்தால் என்ன ஆவது என்று மூன்றாவது ஒன்றை டிபன் பையில் வைத்திருப்பேன். அது கசிந்து என் தயிர்சாதம் நீலமானது உங்களில் பாதிப் பேருக்காவது நினைவிருக்கும். சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் நாம் ஆறாம் வகுப்பில் இருந்த வருஷம், அறுபதுகள் முடியப்போன சமயம், என் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதை நான் உங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வீடு பள்ளிக்கரணைப் பக்கம், கோரையும் சதுப்பும் முடிகிற இடத்தில் இருந்தது. அம்மா அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பள்ளிக்கூடத்தை ஒட்டி இரண்டு அறை கொடுத்திருந்தார்கள். அப்பாவிடம் ஒரு பிக்கப் இருந்தது. யுத்தகாலத்து மிலிட்டரி வண்டி. ஏலத்தில் வந்து மூன்று கை மாறி அப்பாவிடம் சேர்ந்தது. பச்சைப் பெயின்ட் உரிந்த இடத்தில் அடியில் இன்னொரு பச்சை தெரியும். முன்னால் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. விடிந்ததும் சுற்றுவட்டாரத்துப் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு அப்பா தாம்பரம் வருவார். கேன்களோடு நானும் வந்து நம் பள்ளிக்கூடத்து வாசலில் இறங்குவேன். என் பாவாடையில் பால் வாடை அடிக்கிறது என்று பின் பெஞ்சில் யாரோ சொன்னீர்கள். அடித்தது வாஸ்தவம்தான்.

அதற்கு முந்தைய வருஷம் ஐப்பசி மழையில் அம்மாவுக்கு வலி எடுத்தது. செம்பாக்கத்தருகே ஏரி நிரம்பி ரோட்டின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வண்டியைத் தண்ணீரில் இறக்கினார். பாதி தூரத்தில் சக்கரங்கள் சேற்றுப் பள்ளத்தில் இறங்கி, வண்டியின் அடிவயிறு தரையில் தட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. மாட்டு வண்டி பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர மத்தியானம் ஆனது. பெண் குழந்தை. அழவே இல்லையாம். கல்லறைக்குப் போகும்போது அப்பா ஒரு சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வண்டியிலேயே ஓரமாக உட்கார்ந்திருந்தார். வேறு யாரோ ஓட்டினார்கள். அப்பா ஸ்டியரிங்கைத் தொடாமல் அந்த வண்டியில் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அடுத்த ஐப்பசிக்கு அம்மா மறுபடி நிறைமாதம். சிட்லபாக்கத்தில் இருந்த பெரியம்மா இரண்டு மாதம் முன்பே வந்து கூப்பிட்டாள். "அங்க வந்து இருந்துடுடீ. எங்க வீட்டுலேர்ந்து ஆஸ்பத்திரி ரிக்‌ஷாவுல கால் மணி நேரம். மழை வந்தா என்ன, புயல் வந்தா என்ன" என்றாள்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"வண்டி வச்சிருக்கிறவன் பெண்டாட்டியை அடுத்த வீட்டுல கொண்டுபோய் விடுவானா?" என்றார் அப்பா. "போன தடவை வண்டி தாழ்வா இருந்துச்சு, அதான் உக்காந்துடுச்சு. இந்தத் தடவை பெரிய சக்கரமா போட்டுடறேன். எந்தத் தண்ணியிலயும் போகும்."

இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. எங்கள் கஷ்டம் தூரம். அதை அப்பா சக்கரத்தின் உயரம் என்று கணக்குப் போட்டுவிட்டார். முந்தைய வருஷம் தோற்றுப்போனது வண்டி. அந்த வண்டியையே ஜெயிக்க வைத்துக் காட்ட வேண்டும் அவருக்கு. அம்மாவுக்கு அது புரிந்திருந்தது. புரிந்ததால்தான் பெரியம்மாவிடம் "பாக்கலாம்க்கா" என்று சொல்லி அனுப்பினாள். அப்பாவை விட அம்மா மேல்தான் எனக்கு இன்றைக்கும் கோபம் அதிகம்.

சக்கரம் மாட்டியது தாம்பரம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஷெட்டில். அந்த மெக்கானிக்கின் மகள்தான் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். முழங்கால் வரை பின்னல், புருவத்தில் ஒரு தழும்பு, அச்சடித்த மாதிரி கையெழுத்து. அரைப் பரீட்சையோடு நின்றுபோனாளே, அவள்தான். இப்போது ஞாபகம் வந்திருக்கும்.

அது ஒரு சனிக்கிழமை. மெக்கானிக் புதுப்பேட்டைக்குப் போய்த் தேடிப்பிடித்து அதே வண்டிக்குப் பொருந்துகிற பெரிய ரிம்மும் அதற்கேற்ற டயரும் கொண்டுவந்திருந்தார். நாலு டயரும் கரேலென்று வேலியோரம் சாய்ந்து நின்றன. புது ரப்பர் வாசனை ஷெட்டு முழுக்க. புது டயரில் முடி முடியாக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அவளும் நானும் ஆளுக்கொரு டயரைப் பிடித்துக்கொண்டு அந்த முடிகளைப் பிடுங்கினோம். பிடுங்கினால் டயர் கெட்டுவிடுமோ என்று நடுவில் எனக்குச் சந்தேகம் வந்து நிறுத்திவிட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மிச்சத்தையும் பிடுங்கினாள்.

வலது பக்கம் முதலில். ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டை முட்டுக் கொடுத்து, பழைய சக்கரத்தைக் கழற்றிப் போட்டார். புதியதன் பக்கத்தில் அது பொம்மை மாதிரி இருந்தது. ஒரு சக்கரத்துக்கு ஆறு நட்டு. நான் குனிந்து குனிந்து பார்ப்பதைப் பார்த்து அவருக்கு உற்சாகம்.

"இங்க பாரு பாப்பா. வலதுகைப் பக்கமா சுத்துனா முறுக்கும், எடதுகைப் பக்கமா சுத்துனா கழலும். ஒண்ணு போட்டா அதுக்கு எதுத்தாப்புல கீறதப் போடணும். வரிசையா போட்டா சக்கரம் கோணிக்கும். இன்னா, புரிஞ்சிச்சா?"

கடைசியில் ஸ்பானரின் கைப்பிடியை வலப்புறம் நீட்டினாற்போல் மாட்டி அதன் மேல் ஏறி நின்று ஒரு மிதி மிதித்தார். நட்டு கிறீச்சென்றது. அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவர் இடது பக்கம் போனபோது அவள் அம்மா எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டு வேகவைத்த வேர்க்கடலை கொடுத்தாள். தொலியோடு, உப்புப் போட்டது. கால் மணி நேரம் உட்கார்ந்து தின்றிருப்போம். திரும்பி வருவதற்குள் இடது பக்கம் முடிந்துவிட்டிருந்தது. அந்தக் கால் மணி நேரம் நான் ஷெட்டிலேயே நின்றிருந்தால் இதை எழுதவேண்டி வந்திருக்காது.

வண்டி நிமிர்ந்து நின்றது. அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்காடில் இடித்தது. மெக்கானிக் சுத்தியலால் மட்காடின் ஓரத்தைத் தட்டி மடக்கினார்.

"கொஞ்ச நாளைக்கி டொக்கு டொக்குனு இடிக்கும் சார். பேஜாராவாதீங்க, பூடும். ஆனா ஒண்ணு, அம்பது மைல் ஓடுனதும் நட்டெல்லாம் ஒருவாட்டி முறுக்கணும். புது ரிம்மு, உக்கார உக்கார இளகும். மீட்டர நம்பாதீங்க. சக்கரம் பெருசாயிடுச்சில்ல, மீட்டரு கம்மியாத்தான் காட்டும்."

"ஆகட்டும், ஆகட்டும்" என்றார் அப்பா. கண் டயர் மேலேயே இருந்தது. அவர் கேட்கவில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

கிளம்பும்போது மெக்கானிக் நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்து நாலு சக்கரத்தின் அடியிலும் வைத்தார். நாங்கள் வேதக்காரர்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் வீட்டில் ரகளை. "அதெல்லாம் வேணாம்ப்பா" என்றார் அப்பா. "ஒங்குளுக்கு வேணாம் சார், என் ஷெட்டுக்கு வேணும்" என்றார் அவர். அப்பா சிரித்துவிட்டு வண்டியை நகர்த்தினார். மூன்று பழம் நசுங்கியது. இடது பக்கத்து முன் சக்கரத்தின் பழம் மட்டும் வழுக்கி உருண்டு சாக்கடை ஓரம் போய் நின்றது, ஒரு கீறல்கூட இல்லாமல். நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "உருண்டுச்சு, வுடு பாப்பா" என்றார் மெக்கானிக்.

மறுநாள் ஆராதனை முடிந்து போதகர் ஐயா வந்து பானெட்டில் கை வைத்து ஜெபம் செய்தார். எலுமிச்சம்பழத்தை நம்பக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்து பைபிள் பரிசு வாங்கியவள் நான். இருந்தாலும் ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்து இடது பக்கத்து முன் சக்கரத்தைப் பார்த்தேன். வண்டி உயர்ந்துவிட்டதால் அம்மாவால் ஏற முடியவில்லை. அப்பா ஒரு சோப்புப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். அம்மா அதன் மேல் ஒரு கால், என் தோள் மேல் ஒரு கை வைத்து ஏறிப் பார்த்தாள். "நல்லா இருக்கு" என்றாள், மூச்சு வாங்க.

அன்றிலிருந்து நான் மைல் எண்ணத் தொடங்கினேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்வேன். மீட்டர் குறைவாகத்தான் காட்டும் என்பதால் அதோடு கொஞ்சம் கூட்டிக்கொள்வேன். புதன்கிழமை ஐம்பது தாண்டிவிட்டது. அப்பா எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. ஸ்பானர் சீட்டுக்குப் பின்னால் ஒரு சாக்கில் சுற்றி, நான் சனிக்கிழமை பார்த்த அதே சுருக்கு முடிச்சோடு கிடந்தது. வியாழன் பார்த்தேன், வெள்ளி பார்த்தேன். முடிச்சு அவிழவில்லை.

அப்பாவிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அதற்கு முந்தைய வாரம்தான் "பிரேக் நல்லா பிடிக்குதாப்பா?" என்று கேட்டிருந்தேன். "உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று ஒரு அதட்டு. அந்த வருஷம் எங்கள் வீட்டில் யாரும் எதையும் வாய்விட்டுக் கேட்கக்கூடாது. கேட்டால் நடந்துவிடும் என்று மூன்று பேருக்குமே பயம்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. அம்மாவுக்கு எப்போது வேண்டுமானாலும் வலி வரலாம் என்று அப்பா வண்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டார். பால் மாட்டு வண்டியில் போனது. நானும் பள்ளிக்கூடம் போகவில்லை. பகலெல்லாம் அந்த நட்டுகள் உள்ளுக்குள் இளகிக்கொண்டே இருப்பதாக எனக்குத் தோன்றியது. முக்கியமாக இடது பக்கத்து முன் சக்கரம்.

விடிந்தும் விடியாத நேரம். அப்பா கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் முடிச்சை அவிழ்த்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனேன். என் கை நீளத்துக்கு இருந்தது, நல்ல கனம். இடது பக்கத்து முன் சக்கரத்தின் நட்டில், மெக்கானிக் மாட்டியது போலவே கைப்பிடியை வலப்புறம் நீட்டி மாட்டினேன். மட்காடைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்று குதித்தேன். முதலில் அசையவில்லை. மறுபடி குதித்ததும் கிறீச்சென்று அசைந்தது. அடுத்ததும் அதேபோல. ஆறு நட்டுக்கும் ஆறு கிறீச். அசைகிறதே! அப்படியானால் இளகித்தான் இருந்திருக்கிறது. நான் மட்டும் பார்க்காமல் இருந்திருந்தால்?

மறுநாள் காலை மறுபடி போனேன். இந்த முறை ஏறி நிற்கக்கூட வேண்டியிருக்கவில்லை, கையால் அழுத்தினாலே சுற்றியது. நின்ற வண்டியிலேயே ஒரே இரவில் இவ்வளவு இளகிவிட்டதே என்று அழுகை வந்தது. ஒவ்வொன்றையும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன். ஆறாவதில் ஸ்பானர் இருக்கும்போது உள்ளிருந்து அம்மாவின் சத்தம். ஸ்பானரை அப்படியே சேற்றில் போட்டுவிட்டு ஓடினேன்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா சோப்புப் பெட்டியைப் போட்டு, கிட்டத்தட்டத் தூக்கித்தான் ஏற்றினார். அம்மா இடது ஓரம், நான் நடுவில். வண்டி கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே அம்மாவின் காலுக்கடியில் டொக், டொக் என்று சத்தம் வந்தது.

"என்னங்க அது?" என்றாள் அம்மா.

"டயர் மட்காடுல இடிக்குது. மெக்கானிக் சொன்னானே, போகப் போகச் சரியாயிடும்."

அது எனக்கும் தெரிந்த விஷயம்தான், அதனால் தைரியமாக இருந்தேன். நட்டைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. இரண்டு முறை முறுக்கியிருக்கிறேனே.

செம்பாக்கத்தில் முந்தைய வருஷம் போலவே ரோட்டின் மேல் தண்ணீர். அப்பா நிறுத்தவில்லை. மெதுவாக இறக்கினார். தண்ணீர் இரண்டு பக்கமும் விலகி ஓடியது. அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்து என் கையில் கீறியது. நான் ஜெபம் செய்யப் பார்த்தேன், ஒரு வார்த்தையும் வரவில்லை. வண்டி ஒரு இடத்திலும் உட்காரவில்லை. அந்தப் பக்கம் ஏறியதும் அப்பா ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டினார்.

"பாத்தியா? சொன்னேனா இல்லையா? பாத்தியா?"

அவர் அழுதுகொண்டிருந்தார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. நாங்கள் மூன்று பேரும் அந்த ஒரு நிமிஷம் சிரித்தோம்.

அதன் பிறகு நல்ல ரோடு. அப்பா வேகம் பிடித்தார். டொக் டொக் என்பது தடதடவென்று ஆனது. நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஒரு சக்கரம் எங்களுக்கு முன்னால் தன் பாட்டுக்கு உருண்டு போகிறது. புதுச் சக்கரம். யாருடையதோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அடுத்த நொடி வண்டி இடது பக்கம் மடேரென்று விழுந்து, தரையைத் தேய்த்துக்கொண்டு போய் நின்றது. அம்மா டாஷ்போர்டில் மோதினாள். வயிறு படாமல் கையைக் கொடுத்துவிட்டாள். மணிக்கட்டு முறிந்தது. சக்கரம் வயலில் இறங்கி ஒரு வட்டம் போட்டுப் படுத்துக்கொண்டது.

அப்பா சீட்டைத் தூக்கிச் சாக்கைத் தேடினார். ஸ்பானர் இல்லை. சீட்டுக்கு அடியில், தொட்டியில், மறுபடி சீட்டுக்குப் பின்னால் என்று தேடினார். "இங்கதானே இருந்துச்சு, இங்கதானே இருந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

கல்குவாரி லாரி ஒன்று வந்தது. பின்னால் கல் உடைக்கப் போகிற பெண்கள் நாலைந்து பேர் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள்தான் குதித்து வந்து அம்மாவைத் தூக்கினார்கள். "நீ பயப்படாத தாயி, நாங்க கீறோம்" என்று ஒருத்தி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சேலையூர் தாண்டும்போதே, அந்தத் தார்ப்பாய்க்கு அடியிலேயே என் தம்பி பிறந்துவிட்டான். ஓங்கி அழுதானாம்.

எனக்கு அது அப்போது தெரியாது. வண்டியைப் பார்த்துக்கொள் என்று என்னை அங்கேயே விட்டுவிட்டு அப்பா லாரியில் ஏறிப் போய்விட்டார். சாய்ந்த வண்டிக்குள் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். மழை கூரையில் அடித்தது. அம்மா செத்துவிட்டாள் என்றே நினைத்திருந்தேன். பெரியப்பா குடையோடு வந்து "தம்பி பொறந்திருக்கான்டீ" என்றபோது அவர் பொய் சொல்கிறார் என்று கத்தினேன்.

மறுநாள் அப்பா வண்டியைச் சரி செய்து எடுத்துக்கொண்டு வந்து என்னைச் சிட்லபாக்கத்திலிருந்து வீட்டுக்கு அழைத்துப்போனார். இறங்கியதும் வாசல் சேற்றைத்தான் பார்த்தேன். ஸ்பானர் அங்கே இல்லை. அப்பா உள்ளே போனதும் சீட்டைத் தூக்கினேன். சாக்கில் சுற்றிக் கிடந்தது. துடைத்து, சுத்தமாக. முந்தைய நாள் சாயங்காலம் அம்மாவுக்குத் துணி எடுக்க அப்பா வீட்டுக்கு வந்துபோயிருந்தார். சாக்கின் முடிச்சு பழைய முடிச்சு இல்லை. எனக்கு அன்றைக்கு அதன் அர்த்தம் பிடிபடவில்லை. ஸ்பானர் திரும்பி வந்துவிட்டது, யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதுவே போதும் என்றிருந்தது.

அம்மா கையில் கட்டோடும் தம்பியோடும் வீட்டுக்கு வந்த மறுநாள், பள்ளிக்கூடம் போகிற வழியில் அப்பா ஷெட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். என்னை இறங்கச் சொல்லவில்லை. மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார். குழந்தை பிறந்த செய்தி மட்டும்தான் அவருக்கு வந்திருக்க வேண்டும். அப்பா அவர் கன்னத்தில் அறைந்தார். கேட்டில் ரயிலுக்காக நின்றிருந்த லாரிக்காரர்கள், பால்காரர்கள், சைக்கிள்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இடது பக்கத்து நட்டை எந்தப் பக்கம்டா முறுக்கின? என் பெண்டாட்டி பிள்ளையைக் கொல்லப் பாத்தியேடா!"

"சார், இன்னா சார் சொல்றீங்க? இந்த வண்டிக்கு லெப்டு சைடு மரை உல்ட்டா சார். எடதுகைப் பக்கமா சுத்துனாத்தான் முறுக்கும். ஒங்குளுக்கே நாந்தான சொன்னேன்! அம்பது மைலுக்கு எடுத்தாந்தீங்க, நீங்க டீ குட்ச்சிகினு இருந்தீங்க, நாலு சக்கரமும் நானே என் ஸ்பானர்ல முறுக்கிப் பாத்தேன் சார். சத்தியமா சார்."

வண்டிக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டேன். இடது பக்கம் உல்ட்டா. அப்பா மறக்கவும் இல்லை. மெக்கானிக் தன் ஸ்பானரால் பார்த்ததால்தான் எங்கள் முடிச்சு அவிழாமல் இருந்தது. ஆறு கிறீச்சும் முறுக்கியது இல்லை, கழற்றியது. எனக்கு வாந்தி வந்தது. பாவாடையிலேயே எடுத்தேன். ஷெட்டுக் கதவருகே அவள் புத்தகப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். தன் அப்பாவை அவள் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

வகுப்பில் அவள் வந்து எப்போதும் போல என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடைவேளை மணி அடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அங்கதான இருந்த? எங்கப்பா நல்லா முறுக்கினாருன்னு உனக்குத் தெரியும் இல்ல? உங்கப்பாகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

"நான் வலது பக்கம் மட்டும்தான் பாத்தேன்" என்றேன்.

அது நிஜம்தான். என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய்யும் அதுதான். அவள் கையை எடுத்துக்கொண்டு பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அந்த இடைவெளி அரைப் பரீட்சை வரை அப்படியே இருந்தது.

சக்கரம் கழன்ற ஷெட்டு என்று ரயில்வே கேட்டுப் பக்கம் பெயராகிவிட்டது. குவாரி லாரிகள் போகவில்லை, பால் வண்டிகள் போகவில்லை. சபையில் சிலர் எலுமிச்சம்பழம் வைத்ததால் வந்தது என்றார்கள். ஒருநாள் காலை ஷெட்டு கதவு சாத்தியிருந்தது. பெயர்ப் பலகை கழற்றிய இடத்தில் மட்டும் சுவர் வெள்ளையாக இருந்தது. கேளம்பாக்கம் பக்கம் போய்விட்டதாக ஒருவர் சொன்னார், சைதாப்பேட்டை என்று இன்னொருவர். பரீட்சை முடிந்து வந்தபோது என் பக்கத்து இடம் காலி. "அவ எங்க?" என்று லீடர், நீதான் என்னிடம் கேட்டாய். தெரியாது என்றேன்.

சாக்கு முடிச்சின் அர்த்தம் புரிய எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வண்டியை விற்கிற அன்றைக்கு அப்பா சீட்டுக்குப் பின்னாலிருந்து சாமான்களை எடுத்துத் தரையில் வைத்தார். அந்தச் சாக்கைப் பார்த்ததும் கேட்டுவிட்டேன்.

"அப்பா, அந்த ஸ்பானர் அன்னைக்கு எங்க இருந்துச்சு?"

அவர் நிமிரவில்லை. "வாசல்ல. முன் சக்கரம் நின்ன இடத்துல. உன் ரிப்பன் ஒண்ணும் பக்கத்துல கிடந்துச்சு."

"அப்போ தெரிஞ்சேதான் போய் அவரை அடிச்சீங்களா?"

"வேற என்ன செய்யச் சொல்ற? சக்கரம் எப்படிக் கழண்டுச்சுன்னு ஊரே கேக்குது. தாயைக் கொல்லப் பாத்த பொண்ணுன்னு உனக்குப் பேர் வரணுமா? நீ பொம்பளப் பிள்ளை. அவன் ஆம்பளை, கைத்தொழில் இருக்கு, எங்க போனாலும் பொழைச்சுப்பான்."

அவ்வளவுதான் சொன்னார். அவர் என்னைக் காப்பாற்றியதாகவே கடைசி வரை நினைத்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் முடியவில்லை. அவர் ஒரு அறை விட்டுச் செய்ததை நான் ஒரு வாக்கியம் சொல்லிச் செய்தவள்தானே.

தம்பி இப்போது தாத்தாவாகிவிட்டான். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக் வெட்டிவிட்டு, தான் லாரியில் பிறந்த கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வான். "ஒரு முட்டாள் மெக்கானிக், நட்டை முறுக்கத் தெரியாதவன்" என்றுதான் ஆரம்பிப்பான். பிள்ளைகள் கைதட்டிச் சிரிக்கும். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவேன். இந்த மலர் வந்ததும் முதல் பிரதியை அவனுக்குக் கொடுக்கப் போகிறேன்.

லீடர், உனக்குப் போகாத வீடு இல்லை, தெரியாத ஆள் இல்லை. எப்படியாவது விசாரித்து இன்னொரு பிரதியை அவளுக்கு அனுப்பு. புருவத்தில் தழும்பு இருக்கும். அவள் இருந்தால் அவளுக்கு, இல்லாவிட்டால் அவள் பிள்ளைகளுக்கு. மற்றதையெல்லாம் அவர்கள் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்தக் கடைசி வரியை மட்டும் காட்டச் சொல்.

அன்றைக்கு இடைவேளையில் நீ கேட்டாயே, அதற்குப் பதில்: உங்கப்பா நல்லாத்தான் முறுக்கியிருந்தார், கழற்றியது நான்.